ஒரே மாத்திரை: தங்கை மகனுக்குக் கேட்டது, எனக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 63. சர்க்கரை 12 வருடமாக இருக்கிறது. இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் ஐந்தாறு வருடமாக மஞ்சளாகித் தடித்துவிட்டன. நுனி பொடிப்பொடியாக உதிர்கிறது. பார்த்த உடனேயே நகப்பூஞ்சை என்று சொல்லி, டெர்பினஃபைன் 250 மி.கி. மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் மூன்று மாதம் போடச் சொன்னார்கள். ஒரு மாதம் போட்டேன். நகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வாய் வறட்சி, காலையில் எழுந்தால் தலைசுற்றல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம். ஈரல் கெட்டுவிடும் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்தவே நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. ஈரலுக்கான எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை பார்த்ததில் 31, நார்மல் என்றார்கள். என் தங்கை மகனுக்கு 26 வயது, கால்பந்து ஆடுகிறவன். அதே மாத்திரை, அதே அளவு, அவனுக்கு நகம் சுத்தமாகிவிட்டது. மாதத்தில் ஒரு வாரம் மட்டும் போடும் கேப்ஸ்யூல் ஒன்று இருக்கிறதாமே, எனக்கு அது பாதுகாப்பானதா? நான் தினமும் போடுபவை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு ஆம்லோடிபைன், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல், கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. உள்ளங்கால் தோலும் வறண்டு மாவுபோல உதிர்கிறது, அது சர்க்கரையால்தானே? இந்த வயதில் ஒரு நகத்துக்காக இவ்வளவு மாத்திரை போட வேண்டுமா, விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் போடும் மாத்திரைகள் அத்தனையையும் பெயரோடு எழுதியதற்கு முதலில் நன்றி அம்மா. பலர் "சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஏதோ போடுகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

தலைசுற்றலுக்கே நேராக வருகிறேன். அது ஈரல் கெட்டதன் அறிகுறி என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினீர்கள். உங்கள் எஸ்.ஜி.பி.டி. அப்படிச் சொல்லவில்லை. நான் முதலில் சந்தேகிப்பது இரவில் போடும் அமிட்ரிப்டிலினை. அந்த மருந்து உடம்பிலிருந்து கழிய வேண்டுமானால் ஈரலில் இருக்கும் சிஒய்பி2டி6 என்ற நொதி அதைச் சிதைக்க வேண்டும். டெர்பினஃபைன் அதே நொதியை நன்றாகவே முடக்கிவிடும். அப்போது நீங்கள் விழுங்குவது வழக்கமான 25 மி.கி.தான் என்றாலும், நாளாக நாளாக அது கழியாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். அமிட்ரிப்டிலின் அளவு மிஞ்சினால் என்னென்ன வரும் என்று கேட்டால் எந்த மருத்துவரும் உங்கள் கடிதத்தில் இருப்பதைத்தான் சொல்வார்: வாய் உலர்தல், பகல் தூக்கம், படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றல். மலச்சிக்கலும், சிறுநீர் கழிக்கச் சிரமமும் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

கடிதத்தை வைத்து இதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. காலைத் தலைசுற்றலுக்குக் கிளிமிபிரைடால் சர்க்கரை இறங்குவதும் காரணமாக இருக்கலாம், பிரஷர் இறங்குவதும் காரணமாக இருக்கலாம். அந்த நாட்களில் குளுக்கோமீட்டரில் பார்த்திருந்தால் அந்த எண்கள் இப்போது உதவும். ஆனால் மூன்று தொந்தரவும் ஒன்றாக, டெர்பினஃபைன் ஆரம்பித்த பிறகு வந்திருக்கின்றன என்பதால் என் சந்தேகம் அமிட்ரிப்டிலின் பக்கமே சாய்கிறது. பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் உள்ள ஒருவர் தலைசுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிவில்கூடப் போய் முடியலாம். ஈரலைப் பற்றிப் பேசிய வீட்டார் யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: டெர்பினஃபைன் கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியேறும். மாத்திரையை நிறுத்தினாலும் அந்த நொதி பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். நிறுத்திய மறுநாளே தலைசுற்றல் போகவில்லையே, அப்படியானால் இது மாத்திரையால் வந்ததில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரஷருக்கான மெட்டோபிரலால், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் இதே நொதி வழியாகத்தான் கழிகின்றன. அவற்றின் அளவு கூடும். சில மருந்துகளில் நேர் எதிராக நடக்கும். வலிக்கான டிரமடாலும் கோடீனும் இந்த நொதி மாற்றிக் கொடுத்தால்தான் முழுதாக வேலை செய்யும். நொதி முடங்கினால் வலி அடங்காது. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அந்த மருந்தை உடம்பு வீரியமுள்ள வடிவமாக மாற்றுவது இந்த நொதியால்தான். அப்படிப்பட்டவரிடமிருந்து இந்தக் கடிதம் வந்திருந்தால், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் டெர்பினஃபைனைத் தொடவே வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். நகம் காத்திருக்கும்.

சரி, மாதம் ஒரு வாரம் போடும் கேப்ஸ்யூல். அது இட்ராகோனசோல். காலையும் மாலையும் 200 மி.கி. வீதம் ஒரு வாரம், பிறகு மூன்று வாரம் இடைவெளி. கை நகத்துக்கு இப்படி இரண்டு சுற்று, கால் நகத்துக்கு மூன்று சுற்று என்பது வழக்கம். மாதத்தில் ஏழு நாள் மட்டும் என்பதால் இதுதான் மென்மையான மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது தப்புக் கணக்கு. உங்கள் பட்டியலோடு டெர்பினஃபைன் ஓரிடத்தில்தான் மோதுகிறது. இட்ராகோனசோல் பல இடங்களில் மோதும்.

அட்டோர்வாஸ்டாடினைச் சிதைக்கும் நொதி வேறு, சிஒய்பி3ஏ4. இட்ராகோனசோல் அதை வலுவாக முடக்கும். கொழுப்பு மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறினால் தசைவலி வரும். அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கும். வேறு கொழுப்பு மாத்திரைகளான சிம்வாஸ்டாடினோ லோவாஸ்டாடினோ போடுகிறவர்களுக்கு இட்ராகோனசோலைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாடினில் அவ்வளவு கண்டிப்பு இல்லையென்றாலும், அந்தக் காலத்துக்கு அளவைக் குறைக்கவோ, ரோசுவாஸ்டாடின் போன்ற ஒன்றுக்கு மாறவோ வேண்டியிருக்கும். ஆம்லோடிபைனும் அதே வழியில் கூடி, கணுக்காலை வீங்க வைக்கும். அதோடு இட்ராகோனசோலுக்கு இதயம் பம்ப் செய்யும் வலுவைக் குறைக்கும் குணம் தனியாக உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு, ஒரு முறை இதயச் செயலிழப்பு வந்து தேறியவர்களுக்கும் சேர்த்து, நகப்பூஞ்சைக்காக இதைக் கொடுக்கக் கூடாது என்பது மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை. உங்களுக்கு இதய நோய் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் கேப்ஸ்யூல் போடும்போது கால் வீங்கினால், வீக்கம் ஆம்லோடிபைனாலா இதயத்தாலா என்று தேட வேண்டி வரும். அந்தக் குழப்பத்தை நாமே ஏன் வரவழைக்க வேண்டும்?

இதற்கெல்லாம் மேல் பான்டோபிரசோல் இருக்கிறது. இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு போடச் சொல்வதும் அதனால்தான். நீங்கள் அமிலத்தைக் குறைக்கத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறீர்கள். கேப்ஸ்யூல் சரியாகக் கரையாமல் நகத்துக்குப் போதிய மருந்து போய்ச் சேராது. பக்கவிளைவின் அபாயத்தை மட்டும் ஏற்றுக்கொண்டதாக முடியும். இவ்வளவையும் தாண்டி நல்ல பலனாவது இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில் கால் நகப்பூஞ்சைக்கு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 72 வாரம் கழித்துப் பார்த்தபோது, 12 வாரம் தினமும் டெர்பினஃபைன் போட்டவர்களில் 76 விழுக்காட்டினருக்குப் பூஞ்சை போயிருந்தது. இட்ராகோனசோல் மூன்று சுற்றுப் போட்டவர்களில் 38 விழுக்காட்டினருக்குத்தான். பூஞ்சை கேண்டிடா (ஈஸ்ட்) வகையாகவோ சில மோல்டு (பூசணம்) வகையாகவோ இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதற்குக் கீழே வருகிறேன்.

வாரம் ஒரு முறை போடும் ஃப்ளூகோனசோலைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது கிளிமிபிரைடைக் கழிய விடாமல் பிடித்துவைத்து சர்க்கரையைத் தாழ இறக்கிவிடக் கூடியது. கால் நகத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போட வேண்டும். உங்களுக்கு வேண்டாம். கீட்டோகோனசோல் மாத்திரையை யாராவது எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள். ஈரல் பாதிப்பு காரணமாக, தோல் மற்றும் நகப்பூஞ்சைக்கு அதை வாய்வழி தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2013-இலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை அந்த மாத்திரையின் விற்பனையையே நிறுத்தப் பரிந்துரைத்தது.

ஆக, சுற்றிச் சுற்றி டெர்பினஃபைனிடமே வந்து நிற்கிறோம். ஆனால் அதை மறுபடி ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் கடிதத்தில் விட்டுப்போன இரண்டு விஷயங்கள் எனக்கு வேண்டும்.

ஒன்று, இது பூஞ்சைதானா என்ற சோதனை. "பார்த்த உடனேயே" சொன்னார்கள் என்கிறீர்கள். தடித்து மஞ்சளான நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். மற்றவை சொரியாசிஸ், பல வருடம் செருப்பு உரசியதால் வந்த தடிப்பு, வயதால் வந்த வளைவு என்று வேறு எதுவாகவும் இருக்கும். அவற்றுக்கு எத்தனை மாதம் பூஞ்சை மாத்திரை போட்டாலும் ஒன்றும் நடக்காது. எல்லா நகத்தையும் விட்டு இரண்டு கட்டைவிரலில் மட்டும், அதுவும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் செருப்பின் அழுத்தத்தையும் நான் மனதில் வைத்துக்கொள்கிறேன். மாறாக, உள்ளங்காலில் மாவுபோல உதிரும் தோல் பூஞ்சை பக்கம் பேசுகிறது. அதனால் பரிசோதித்தே ஆக வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நுனியில் உதிர்ந்து கிடக்கும் பொடியில் செத்த பூஞ்சைதான் மிகுதி. நகத்தைப் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போய், நல்ல பகுதியைத் தொடும் எல்லையில், நகத்துக்கு அடியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். அதை கே.ஓ.எச். என்ற ரசாயனக் கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது உடனே முடியும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு மாதம் டெர்பினஃபைன் போட்டிருக்கிறீர்கள். அது நகத்தில் மாதக்கணக்கில் தங்கும். ஆகவே கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று வந்தால் அதை அப்படியே நம்ப முடியாது. வெட்டிய நகத் துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பி பி.ஏ.எஸ். சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை இழை உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அதில் தெரியும். கல்ச்சர் வளர்ந்தால் நமக்கு லாபம், பூஞ்சையின் பெயர் தெரிந்துவிடும். கால் நகத்தில் வழக்கமாக வரும் டிரைக்கோஃபைட்டான் வகை என்றால் பெரும்பாலும் டெர்பினஃபைனுக்குக் கேட்கும், அண்மைக் காலத்தில் சில அதற்குப் பழகிப்போய்க் கேட்காமல் போகின்றன என்றாலும். ஃப்யூசேரியம் போன்ற மோல்டு என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின். எல்லோரும் ஈரலையே பேசுகிறார்கள், சிறுநீரகத்தை மறந்துவிடுகிறார்கள். 12 வருடச் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவரிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 50 மி.லி.க்கு மேல் இல்லையென்றால் டெர்பினஃபைன் மாத்திரை பரிந்துரைக்கப்படுவதில்லை. ரிப்போர்ட்டில் வெறும் கிரியேட்டினின் எண் நார்மல் என்று இருந்தாலும் போதாது. வயதையும் உடல் எடையையும் வைத்து அந்த வேகத்தைக் கணக்கிட வேண்டும். மெலிந்த வயதானவர்களுக்குக் கிரியேட்டினின் நார்மலாகவே இருக்கும், வேகம் மட்டும் குறைந்திருக்கும்.

ஈரல் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வீட்டில் உங்களை விட மாட்டார்கள். டெர்பினஃபைனால் வெளியில் தெரியும் அளவுக்கு ஈரல் பாதிப்பு வருவது 50,000 முதல் 1,20,000 மருந்துச் சீட்டுகளில் ஒன்றுக்கு என்று மதிப்பிடுகிறார்கள். அரிது, ஆனால் வந்தால் கடுமையாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் தலைகாட்டும். அதனால் மாத்திரைக்கு முன் ஈரல் பரிசோதனை அவசியம். உங்களைப் போன்றவருக்கு ஆறாவது வாரத்தில் மறுபடி ஒரு முறை பார்ப்பேன். ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த இரண்டாவது பரிசோதனையை எல்லோரும் வற்புறுத்துவதில்லை. பரிசோதனையைவிட முக்கியம் நீங்கள் கவனித்துக்கொள்வது: பசி அடியோடு போவது, விடாத குமட்டல், சிறுநீர் கறுத்துப் போவது, மலம் வெளுப்பது, கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு. இதில் ஒன்று வந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். ஹெபடைடிஸ் பி அல்லது சி, ஈரல் சுருக்கம், தினசரிக் குடி என்று ஏற்கெனவே ஈரல் நோயோ அதற்கான காரணமோ உள்ளவர்களுக்கு டெர்பினஃபைன் சரியான மருந்தில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொழுப்பு ஈரல் சகஜம் என்பதால், ஸ்கேனில் அப்படி எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஈரலைவிட அடிக்கடி வரும் ஒரு தொந்தரவைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நாக்கில் ருசி போய்விடும், சிலருக்கு மணமும் தெரியாது. 65 தாண்டியவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். மாத்திரையை நிறுத்திய பிறகு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும், ஒரு சிலருக்கு நீண்ட நாள் இழுக்கும். ருசி போய்ச் சாப்பாடு குறைந்தும் கிளிமிபிரைடு வழக்கம்போல உள்ளே போனால் சர்க்கரை இறங்கிவிடும். ருசி மாறியதுமே சொல்லிவிடுங்கள், மூன்று மாதம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

இப்போது உங்கள் தங்கை மகன். அவனுக்கு 26 வயது; ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், வேறு மாத்திரை எதுவும் இருக்காது. தொற்றும் ஐந்தாறு வருடப் பழையதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். நகப்பூஞ்சை மாத்திரை கெட்ட நகத்தைச் சரிசெய்வதில்லை. வேரிலிருந்து புதிதாக வளரும் நகத்தைப் பூஞ்சை தொடாமல் காக்கிறது. கெட்ட நகம் வளர்ந்து வளர்ந்து வெளியே போக வேண்டும். அப்படியானால் எல்லாமே நகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது, வேருக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்பதில் இருக்கிறது. கை நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும். கால் நகம் ஒன்று, ஒன்றரை மி.மீ.தான். கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். வயதானால் இன்னும் மந்தம். சர்க்கரை, புகைப்பழக்கம், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் சேர்ந்தால் அதைவிட மந்தம். ஒரு மாதத்தில் உங்கள் நகம் வளர்ந்திருக்கக் கூடியது ஒரு மி.மீ.தான். நகத்தின் வேர்ப்பக்கத் தோல் (கியூட்டிக்கிள்) மறைக்கும் அந்த ஒரு மி.மீ.யைப் பார்த்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் உங்களுக்கு மருந்து தோற்கவில்லை, அதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

அடுத்த முறை ஆரம்பிக்கும்போது, நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லையில் மருத்துவர் ஒரு சின்னக் கீறல் போட்டுவைக்கட்டும், அல்லது மாதம் ஒரு முறை ஒரே கோணத்தில் போட்டோ எடுத்துவையுங்கள். அந்தக் கோடு நுனியை நோக்கி நகர்ந்தால், பின்னால் தெளிவான நகம் வந்தால், மருந்து வேலை செய்கிறது. 12 வாரத்தில் மாத்திரை முடியும்போதும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். நகத்தில் தங்கிய மருந்து அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று நீங்களாகவே நான்காவது, ஐந்தாவது மாதம் என்று வாங்கிப் போட வேண்டாம். ஆறேழு மாதத்தில் கோடு நகராமல் நின்றால் மட்டும் இன்னொரு சுற்று தேவையா என்று யோசிப்போம்.

உங்கள் நகத்திலேயே பார்க்க வேண்டியவையும் சில உண்டு. பாதிப்பு வேர் வரை போயிருக்கிறதா, நகம் 2 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, பாதிக்கு மேல் பரவியிருக்கிறதா, ஓரம் ஒட்டி மஞ்சள் பட்டை ஒன்று கோடுபோல உள்ளே ஓடுகிறதா. கடைசியாகச் சொன்ன அந்தப் பட்டைக்குள் பூஞ்சை இறுகிக் கெட்டித்துக் கிடக்கும், ரத்தம் வழியாக வரும் மருந்து அதற்குள் நுழையாது. மாத்திரையை மட்டும் நம்பித் தோற்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அதைத் திறந்து சுரண்டி எடுக்க வேண்டும். தடித்த நகத்தை 40 விழுக்காடு யூரியா களிம்பு தடவி இளக்கி, அரத்தால் தேய்த்து மெல்லியதாக்கினால் மருந்துக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் காலில் உணர்ச்சி குறைந்தவர் இதை வீட்டில் தானே செய்யக் கூடாது. பாதப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரிடமே செய்துகொள்ளுங்கள். போகும்போது பாதத்து நாடியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்றால் பூஞ்சையைவிட ரத்தக்குழாய்தான் முதலில் கவனிக்க வேண்டிய நோய்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டெர்பினஃபைன் மாத்திரையின் அதிகாரபூர்வக் குறிப்பில் உள்ள ஆய்வுகளில், கால் நகத்துக்கு 12 வாரம் போட்டவர்களில் 70 விழுக்காட்டினருக்குப் பூஞ்சை ஒழிந்தது. பூஞ்சையும் ஒழிந்து நகமும் முழுக்கத் தெளிந்தது 38 விழுக்காட்டினருக்கு. பல வருடம் தடித்துக் கிடந்த நகம் பூஞ்சை போன பிறகும் பழைய அழகுக்கு வராமல் போகலாம். தங்கை மகனின் நகத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவனையும் ஒரு வருடம் கழித்துப் பார்க்க வேண்டும். அதே வியர்த்த ஷூவுக்குள் கால் போனால் பூஞ்சை திரும்பி வரும்.

விட்டுவிடலாமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. சர்க்கரை இல்லாத, காலில் உணர்ச்சி நன்றாக உள்ள ஒருவர், நகம் வலிக்கவில்லை, பார்க்கத்தான் நன்றாக இல்லை என்றால், விட்டுவிடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். உங்கள் கணக்கு வேறு. தடித்த நகம் செருப்புக்குள் அழுத்தி அடியில் புண் ஆக்கினாலும் உங்களுக்கு வலி தெரியாமல் போகலாம். பூஞ்சை பிடித்த தோலின் வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்க் கால் சிவந்து வீங்குவதும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். அதனால் பூஞ்சை உறுதியானால், சிறுநீரகம் இடம் கொடுத்தால், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் எண்ணம். சிறுநீரகமோ ஈரலோ இடம் கொடுக்கவில்லை என்றால் நகத்தில் பூசும் அமரால்ஃபின் போன்ற லேக்கர் இருக்கிறது. வேர் வரை போன நகத்துக்கு அது தனியாக அவ்வளவு பலன் தராது. இருந்தாலும் நகத்தைத் தேய்த்து மெலிதாக்கி, அதையும் பூசி, பாதத்தைப் பார்த்துக்கொண்டு வருவது ஒன்றும் தோல்வியில்லை. சொரியாசிஸோ லூபஸோ உள்ளவர்களுக்கு டெர்பினஃபைன் அதைக் கிளறிவிடலாம் என்பதால் அவர்களும் சில நேரம் இந்தப் பக்கம் ஒதுங்க வேண்டி வரும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் நகத்துக்கான மாத்திரையைத் தள்ளிப்போட்டே ஆக வேண்டும்.

அமிட்ரிப்டிலினை என்ன செய்வது? நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம், "மூன்று மாதம் டெர்பினஃபைன் போடப் போகிறேன், இதற்கு மாற்று உண்டா?" என்று கேளுங்கள். படிப்படியாகக் குறைத்து, பிரீகாபலின் போன்ற ஒன்றுக்கு மாறலாம். அது அந்த நொதியைத் தொடாது, சிறுநீரகம் வழியாகவே போகும். ஆகவே அதற்கும் கிரியேட்டினின் தேவை. டுலோக்சிடினுக்கு மாற்றலாம் என்று அவர் சொன்னால், அதைச் சிதைப்பதிலும் இதே 2டி6 நொதிக்குப் பங்கு உண்டு என்பதை நினைவுபடுத்துங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்ற மாத்திரைகளில் மெட்ஃபார்மினாலும் பான்டோபிரசோலாலும் டெர்பினஃபைனுக்குத் தொல்லை இல்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போட ஆரம்பித்தால் மட்டும் டெர்பினஃபைன் இரட்டிப்பு வேகத்தில் கழிந்துவிடும் என்பதை யாராவது வாசகர் குறித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்த உள்ளங்கால். சர்க்கரையால் வறளும் என்பது உண்மைதான். ஆனால் பாதத்தின் ஓரம் வரை செருப்பு வடிவில் மெல்லிய மாவு உதிர்வது, கோடுகளில் வெள்ளையாகப் படிவது, விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பது எல்லாம் சேர்ந்தால் அது பூஞ்சையாகவே இருக்கும். நகத்தில் இருப்பதும் உள்ளங்காலில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே பூஞ்சை; உடம்பில் படர்தாமரையாக வருவதும் அதே இனம்தான். நகத்துக்கு மாதிரி எடுக்கும் அன்றே உள்ளங்காலிலும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். நகத்தைவிட அங்கே விடை சீக்கிரம் கிடைக்கும். இந்தப் பூஞ்சைக்கு எளிதில் ஆளாகும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. உங்களுக்கும் தங்கை மகனுக்கும் வந்தது அதனாலும் இருக்கலாம் என்பதால் தங்கையின் காலையும் ஒரு தடவை பாருங்கள். நகவெட்டியை வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம். பழைய செருப்பை மருத்துவம் ஆரம்பிக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

மாத்திரையை இப்போது வாங்கி வைக்க வேண்டாம். நகம், உள்ளங்கால் இரண்டின் பரிசோதனை முடிவும், கிரியேட்டினினோடு உங்கள் எடையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும், ஈரல் பரிசோதனையின் முழு ரிப்போர்ட்டும் கையில் வந்ததும் உங்கள் தோல் மருத்துவரிடம் போங்கள். இந்த மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.